தோல் ஒட்டிய ஸ்கீ: இரண்டு குளிர்காலம் விழுந்தெழும்பிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விளையாட்டுக்காரன் இல்லை. ஒஸ்லோவுக்கு வந்து 11 வருசம். அதில் முதல் 9 வருசமும் ஸ்கீ என்றால், பனியில் வழுக்கிப் போகக் காலில் பூட்டுகிற அந்த நீளப் பலகை என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ தோளில் சாய்த்துக்கொண்டு ரயிலில் ஏறி என் காதோரம் இடிக்கிற சாமான், அவ்வளவுதான். நோர்வேக்காரர் காலில் ஸ்கீயோடுதான் பிறக்கிறார்கள் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சரி, பிறக்கட்டும், நான் வெறுங்காலோடு பிறந்தவன் என்று இருந்துவிட்டேன்.

பிறகு மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஸ்கீ நாள், ஒவ்வொரு பிள்ளையும் ஸ்கீ, தடி, சாப்பாட்டுப் பொதி, மாற்றுக் காலுறை கொண்டுவர வேண்டும், நேரமுள்ள பெற்றோரும் வரலாம். மகளுக்கு பூஆ என்ற இரவல் நிலையத்தில் எடுத்தோம். இந்த பூஆ நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது, ஸ்கீ, ஐஸில் ஓடும் சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் காசு வாங்காமல் இரவல் தருகிறார்கள். தெரியாதவர்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள், நான் எழுதப்போவதை வாசிக்கத் தேவையே இல்லாமல் போகலாம். எனக்கும் ஒரு சோடி இரவல் எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு ஆறேழு வயதுப் பிள்ளைகள் என்னை இரண்டு பக்கமும் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அதில் ஒரு பெடியன் மட்டும் நின்று, மிகவும் அன்பாக, "உனக்கு உதவி வேணுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் என்னைக் கடைக்கு அனுப்பியது.

வாங்கியது என்ன என்றால் தோல் ஸ்கீ. இங்கே ஃபெல்லெஷீ என்பார்கள். (ஆம், நோர்வேஜிய மொழியில் அது "ஸ்கீ" இல்லை, "ஷீ". வந்த புதிதில் வேலையிடத்தில் "ஸ்கீ" என்று சொல்லி எல்லாரும் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. தமிழில் ஸ்கீ என்றே எழுதுகிறேன்.) தட்டையான காட்டுப் பாதையில் நடந்தும் வழுக்கியும் போகிற ஒல்லியான ஸ்கீதான் இது, மலையிலிருந்து பாய்ந்து இறங்குகிற அகலமான சாதி வேறு. கால் வைக்கிற இடத்துக்கு நேர் கீழே, அடிப்பக்கத்தில், இரண்டு விரல் அகலத்தில் ஒரு முடிப் பட்டை ஒட்டியிருக்கும். அங்கோரா ஆட்டின் முடி. சிலதில் முழுக்க அதுவே, சிலதில் நைலானும் கலந்து. முன்பக்கத்திலிருந்து பின்னுக்குத் தடவினால் பூனையைத் தடவுகிற மாதிரி வழுக்கும், பின்னாலிருந்து முன்னுக்குத் தடவினால் கையைப் பிடித்து நிறுத்தும். மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது. முன்னுக்கு வழுக்கவும் வேண்டும், பின்னுக்குச் சறுக்கவும் கூடாது.

சாதாரண ஸ்கீயில் இந்தப் பிடியைத் தருவது மெழுகு. குளிருக்கு ஒரு நிறம். கடும் குளிருக்குப் பச்சை, அதற்குச் சற்றுக் குறைந்தால் நீலம், பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஊதா, ஈரப் பனிக்குச் சிவப்பு. உருகி மீண்டும் ஐஸாகிப்போன பழைய பனிக்கு க்ளிஸ்டர் என்று ஒன்று, குழாயில் வரும், பலாப்பழப் பாலேதான். கையில் பட்டால் கதவுப் பிடியில், கதவுப் பிடியில் பட்டால் மனைவியின் மேற்சட்டையில். பலாப்பாலுக்காவது எண்ணெய் பூசினால் போகும், இதற்கென்று தனியாக ஒரு கரைசல் விற்கிறார்கள். தோல் ஸ்கீக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, எடு, போடு, போ என்றுதான் கடைக்காரர் சொன்னார். பாதி உண்மை. மற்றப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

வாங்கிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பட்டதை நீங்கள் படத் தேவையில்லை. ஸ்கீ, சப்பாத்தை அதில் பூட்டுகிற பைண்டிங், சப்பாத்து, தடி எல்லாம் சேர்த்து கழிவு விலையில் 5,400 குரோனர். கடையின் பெயர் வேண்டாம். வேலை செய்த பெடியன் என் உயரத்தைக் கேட்டான், உயரத்துக்கு மேல் 20 சென்டிமீட்டர் வருகிற மாதிரி ஒன்றை எடுத்துத் தந்தான், காசு கட்டினேன். எடையை அவன் கேட்கவே இல்லை. எனக்கும் கேட்கவேண்டிய விசயம் என்று தெரியாது.

ஸ்கீயை வெறும் தரையில் வைத்துப் பார்த்தால் நடுவில் வில் மாதிரி வளைந்து மேலே நிற்கும். இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது அந்த நடுப்பகுதி பனியில் சும்மா தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும், அப்போதுதான் வழுக்கும். ஒரு காலில் முழுப் பாரத்தையும் போட்டு உதைக்கும்போது அது அமுங்கி, முடிப் பட்டை பனியைக் கவ்வவேண்டும். ஆகவே வில்லின் விறைப்பு உங்கள் எடைக்குப் பொருந்தவேண்டும், உயரம் அதற்குப் பிறகுதான். எனக்குத் தந்தது 85 கிலோ, 90 கிலோ ஆட்களுக்கானது. நான் 71. நான் எவ்வளவு உதைத்தாலும் அந்தத் தோல் பனியைத் தொடவே இல்லை. முடி இருந்தும் மொட்டை.

மூன்று ஞாயிறு சொக்ன்ஸ்வான் ஏரிப் பக்கம் போய், சின்ன ஏற்றத்தில்கூட பின்னுக்குச் சறுக்கிச் சறுக்கி, கையால் தடியை ஊன்றி ஏறி, திங்கட்கிழமை தோளைத் தூக்க முடியாமல் வேலைக்குப் போனேன். பிழை என்னில்தான் என்று நினைத்தேன். நமக்கு எப்போதும் முதலில் அப்படித்தானே தோன்றும், இது அவர்களுடைய விசயம், நமக்கு வராது என்று.

கண்டுபிடித்தவர் கீழ்வீட்டுப் பெரியவர். 78 வயது. அதுவரை 6 வருசமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் "ஹெய்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அன்றைக்கு நான் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு நொண்டி வருவதைப் பார்த்து நின்றார். ஸ்கீயை வாங்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். "தோலா?" என்றார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இளக்காரம் வைக்க முடியுமோ அவ்வளவும் இருந்தது. பிறகு என்னைக் கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்குக் கூட்டிப்போய், சமதளமான தரையில் ஸ்கீயை வைத்து என்னை மேலே ஏறி நிற்கச் சொல்லி, பையிலிருந்து பலசரக்குக் கடை பற்றுச்சீட்டு ஒன்றை எடுத்து என் காலுக்குக் கீழே செருகினார். இரண்டு காலில் நின்றபோது சீட்டு முன்னும் பின்னும் ஓடியது. சரி. "இப்போது ஒரு காலில் நில்." நின்றேன். சீட்டு அப்போதும் ஓடியது. இறுகிப் பிடித்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து, "நீ மோசமான ஸ்கீக்காரன்தான், ஆனால் இதற்குக் காரணம் அது இல்லை" என்றார். என் வாழ்க்கையில் ஒரு நோர்வேக்காரர் எனக்குச் சொன்ன மிக ஆறுதலான வசனம்.

கடையில் மாற்றித் தர முதலில் மறுத்தார்கள், பனியில் போட்டாயிற்றே என்று. எடையைக் கேட்காமல் விற்றது யார் என்று நானும் நின்றேன். கடைசியில் மேலும் 600 குரோனர் வாங்கிக்கொண்டு வேறு சோடி தந்தார்கள். அதனால் கடைக்குப் போகும்போது ஒரு கடதாசி கொண்டுபோங்கள். வெட்கப்படாதீர்கள்.

பொருத்தமான ஸ்கீ கிடைத்ததும் நடந்தது வேறு கதை. அடுத்த சனிக்கிழமை அதே ஏற்றம், உதைத்தேன், பிடித்தது. இன்னொரு உதை, பிடித்தது. சொக்ன்ஸ்வானிலிருந்து காட்டுக்குள் இருக்கிற உல்லெவோல்செட்டர் சிற்றுண்டிச்சாலை வரைக்கும் முதல்முறையாக முழுத் தூரமும் போனேன். அங்கே வாஃபலும் பழுப்புச் சீஸும், சுடச்சுடக் கறுப்புத் திராட்சைப்பழச் சாறும் வாங்கிக்கொண்டு வெளியே மரவாங்கில் உட்கார்ந்தபோது முதுகிலிருந்து ஆவி பறந்தது. ஏற்றங்களில் இந்தத் தோலை அடிக்க ஆளில்லை. பூச்சியத்துக்குக் கீழே 3, 5, 8 எதுவானாலும் ஒரே பிடி. புதுப்பனி, பழம்பனி, இயந்திரப் பனி, எதற்கும் யோசிக்கத் தேவையில்லை. காலையில் மகள் எழும்பி, "அப்பா, இண்டைக்குப் போவமோ?" என்று கேட்டால் கால் மணியில் வாசலில் நிற்கலாம். பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். கீழே பெரியவர் அதே நேரம் வெப்பமானியைப் பார்த்து, ஈரப்பதத்தைப் பார்த்து, காட்டில் எந்தப் பக்கம் நிழல் என்று யோசித்து, இரண்டு நிறத்தை மாறி மாறித் தேய்த்து, தக்கையால் மினுக்கி, பிறகு காலைச் சாப்பாட்டுக்குப் போவார்.

பாதைகளைப் பற்றி ஒரு வார்த்தை, அவை இல்லாமல் இந்தச் சாமான் வெறும் பலகை. ஒஸ்லோவைச் சுற்றியிருக்கும் காட்டில் இயந்திரம் ஓட்டி, ஸ்கீக்கு இரண்டு இரண்டு கோடாகத் தடம் போட்டு வைக்கிறார்கள். இதைப் பெரும்பாலும் செய்கிற ஷீஃபொரெனிங்கன் என்ற சங்கம் 1883இல் தொடங்கியது. பாதையில் போகக் கட்டணம் கிடையாது. விரும்பினால் அங்கத்தவராகலாம். வேலை முடிந்து இருட்டில் போகிறவர்களுக்கு விளக்குப் பாதைகள் வேறு. இதெல்லாம் ரயிலில் போய் இறங்குகிற தூரத்தில்! 1ஆம் இலக்க ரயில் மயூர்ஸ்துவனிலிருந்து ஏறக்குறைய அரை மணியில் ஃப்ரொக்னெர்செட்டரன் உச்சியில் விட்டுவிடும். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் வார இறுதியில் கார் ஓட்டத் தடை போட்டபோது மன்னர் ஐந்தாம் ஓலாவும் ஸ்கீ போட இந்த வழியால் ரயிலில்தான் போனார், டிக்கெட்டுக்கு அவர் காசு நீட்டுகிற படம் இங்கே எல்லாருக்கும் தெரியும். மன்னரே ஸ்கீயோடு ரயிலில் ஏறின ஊரில் நான் என் ஸ்கீயால் பக்கத்துச் சீட்டுக்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டது பெரிய குற்றமாக யாருக்கும் படவில்லை.

இறக்கம். இங்கேதான் தோலைக் குறை சொல்பவர்கள் வருவார்கள். மெழுகு போட்டதைவிட இது கொஞ்சம் மெதுவாகத்தான் வழுக்கும், பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற மாதிரி ஒரு இழுவை எப்போதும் இருக்கும், மெல்லிய சரசரப்புச் சத்தமும் கேட்கும். போட்டிக்குப் போகிறவனுக்கு அது குறை. எனக்கு அது கடவுள் தந்த வரம். வேகம் குறைந்தால் விழும் இடமும் கிட்டத்தான். ஒரு தடவை ட்ரூவான் பக்கம் ஒரு வளைவில் நடுப்பாதையில் விழுந்து கிடக்கிறேன், மேலிருந்து ஒரு குரல், "லொய்ப்பெ!" என்று. என்னை ஏசுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, "பாதை!" என்று அர்த்தம், வழிவிடு என்று. இறங்கி வருபவருக்குத்தான் முன்னுரிமை, ஏறுபவரும் விழுந்தவரும் ஒதுங்கவேண்டும். ஒதுங்கலாம், ஆனால் இந்த ஒல்லி ஸ்கீயில் சப்பாத்தின் முனை மட்டும்தான் பூட்டியிருக்கும், குதிக்கால் தூக்கும். விழுந்தால் அது தானாகக் கழராது, கால் இரண்டும் பின்னிக்கொண்டு எது வலது எது இடது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். டெலிமார்க்கில் மொர்கெடால் என்ற இடத்துக்காரர் சோன்ட்ரெ நூர்ஹெய்ம், 19ஆம் நூற்றாண்டில், முறுக்கிய கொப்பினால் குதியைச் சுற்றிக் கட்டி ஸ்கீ கழராமல் பாயவும் திரும்பவும் வழி செய்தவர் என்று இங்கே கொண்டாடுவார்கள். அவரை நான் விழும்போதெல்லாம் நினைப்பதுண்டு, முழு நன்றியோடு என்று சொல்லமாட்டேன்.

"அப்பா, முழங்காலை மடியுங்கோ!" இது மகள். அவளுக்கு இப்போது 9 வயது. கீழே போய் நின்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். இரண்டு ஸ்கீயின் முனையையும் கிட்ட வைத்து வாலை அகட்டி, கலப்பை மாதிரிப் பிடித்தால் நிற்கலாம். அவர்களும் அதைக் கலப்பை என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, இப்போது கடைக்காரர் சொல்லாத மற்றப் பாதி.

முதல் விசயம், தோலுக்கு மெழுகு வேண்டாம், ஆனால் தோலுக்கு முன்னும் பின்னும் இருக்கிற வழுக்கும் பகுதிக்கு வேண்டும். நான் ஒரு வருசம் முழுக்க ஒன்றும் பூசாமல் ஓடினேன், அடிப்பக்கம் காய்ந்து வெண்மையாகப் போய்விட்டது, தட்டையான இடத்தில் வயதான பெண்மணிகள்கூட என்னைக் கடந்து போனார்கள். (இந்த நாட்டில் அது ஒரு அளவுகோல் இல்லை என்பது வேறு விசயம். 70 வயதுப் பெண்கள் என்னைக் கடப்பது ஸ்கீயின் குற்றம் இல்லை.) இப்போது ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை திரவ மெழுகு தேய்க்கிறேன், பத்து நிமிசம். ஃப்ளோரின் கலந்த பழைய மெழுகு மிச்சம் இருக்கு, மலிவாகத் தாறன் என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள், உடம்புக்கும் மண்ணுக்கும் கூடாது என்று 2023-24 பருவத்திலிருந்து உலகப் போட்டிகளிலேயே தடை செய்துவிட்டார்கள்.

இரண்டாவது, முடி அழுக்குப் பிடிக்கும். காட்டுப் பாதையில் பைன் ஊசி, மரப்பால், முன்னால் போனவரின் க்ளிஸ்டர், எல்லாம் ஒட்டும். அதற்குத் தனிக் கழுவுநீர், அது காய்ந்த பின் ஐஸ் கட்டாமலிருக்கத் தனித் தெளிப்பு. இரண்டும் சேர்த்து எனக்கு 300 குரோனருக்குக் கிட்ட வந்தது. எடு, போடு, போ என்றவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையான குறை. வெப்பநிலை சரியாகப் பூச்சியம், மேலே ஈரமான புதுப்பனி விழுந்துகொண்டிருக்கிறது, அப்படி ஒரு நாள் இந்த ஸ்கீயை வெளியே எடுக்காதீர்கள். முடி ஈரத்தைக் குடிக்கும், கொஞ்சம் குளிரான நிழலுக்குள் போனதும் அது உறையும், உறைந்ததில் பனி ஒட்டும், ஒட்டினதில் இன்னும் ஒட்டும். போன வருசம் மார்ச்சில் ஃப்ரொக்னெர்செட்டரனிலிருந்து கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் இரண்டு காலுக்குக் கீழும் செங்கல் அளவு கட்டி. உயர்ந்த குதி வைத்த கலியாணச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. தடியால் தட்டினால் விழும், பத்து அடியில் மீண்டும் கட்டும். எனக்கு முன்னால் இன்னொருவர் அதே நிலையில், அவரும் தோல் ஸ்கீ. நாங்கள் இரண்டு பேரும் ஒரு மரத்தடியில் ஸ்கீயைத் திருப்பி வைத்து, பழைய வங்கி அட்டையால் சுரண்டிக்கொண்டு நின்றோம். அவர் சொன்னது, தன் அப்பா ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கும் மலை வீட்டுக்குக் காரில் போகும்போது 14 மெழுகு டப்பாக்களை ஒரு மரப் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாராம், பிள்ளைகளை ஒருநாளும் மடியில் வைத்ததில்லையாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ரயிலுக்கு நடந்தோம்.

அதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும், தோல் ஸ்கீ வாங்கினால் நீங்கள் இழப்பது வேகம் மட்டும் இல்லை. இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரோடு கதைக்க ஒரு சாட்டு வேண்டும். நமக்குச் சாப்பிட்டாச்சா மாதிரி, இங்கே குளிர்காலத்தில் "இண்டைக்கு என்ன பூசினாய்?" வேலையிடத்தில் திங்கட்கிழமை கோப்பி நேரம் முழுக்க இதுதான். ஒருவர் நீலம் என்பார், இன்னொருவர் கீழே நீலம் மேலே ஊதா மெல்லிசாக என்பார், மூன்றாமவர் தலையை ஆட்டி, நிழல் பக்கம் அது நிற்காது என்பார். பிறகு பேச்சு எங்கெங்கோ போகும், தாத்தா, மலை வீடு, காணாமல்போன நாய், விவாகரத்து வரைக்கும். என் முறை வரும்போது "தோல்" என்பேன். "ஆ, தோல்" என்பார்கள். அதோடு முடிந்தது. தோலைப் பற்றி மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லையே.

கீழ்வீட்டுப் பெரியவர் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் படிக்கட்டில் "தோல் சோம்பேறிகளுக்கு" என்பார். நான் ஹோல்மென்கொல்லன் தாவுமேடைக்கு அடியில் இருக்கும் ஸ்கீ அருங்காட்சியகத்துக்கு மகளோடு போனேன். 1923இல் தொடங்கியது, ஸ்கீக்கென்று உலகிலேயே பழைய அருங்காட்சியகம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினேன். ஓஸ்தெர்டாலன் பள்ளத்தாக்குப் பக்கம் முற்காலத்தில் சோடி ஸ்கீ இரண்டும் ஒரே நீளம் இல்லையாம். ஒன்று நீளம், அது வழுக்க. மற்றது கட்டை, அதன் அடியில் விலங்குத் தோல், அது உதைக்க. கட்டையானதை ஆண்டூர் என்பார்களாம். மெழுகு டப்பா கடைக்கு வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பு! அடுத்த ஞாயிறு படிக்கட்டில் மறித்து இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அவர்கள் காட்டில் மான் வேட்டைக்குப் போனார்கள். நீ வாஃபல் தின்னப் போகிறாய்" என்றுவிட்டு இறங்கிப் போனார்.

மலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்ப் பார்த்தேன். வேலையிடத் தோழி தன் குடும்பத்தின் மலை வீட்டுக்கு, ஹாலிங்டால் பக்கம், உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு எங்களைக் கூப்பிட்டாள். தோடம்பழம், வெயிலில் உட்கார மான்தோல், பிறகு க்விக் லுன்ஷ் சாக்லேட், 1937இலிருந்து விற்கிறார்கள், உறையின் உள்பக்கத்தில் மலைக்குப் போகும் விதிகளை அச்சடித்திருப்பார்கள். மொத்தம் 9 விதி. தோழியின் அம்மா, 74 வயது, எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மரம் வளர்கிற உயரம் முடிந்து வெட்டவெளிக்கு வந்ததும் காற்று மாறியது. எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை, வெயில் அப்படியே இருந்தது. அந்த அம்மா நின்றார், மேற்கே ஒருமுறை பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கீயைத் திருப்பினார். உச்சிக்கு இன்னும் அரை மணிதான் என்றேன். அவர் சாக்லேட் உறையை எடுத்து 8ஆம் விதியில் விரலை வைத்துக் காட்டினார்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழட்டுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாத அளவுக்குப் பனிப்புயல்.

அங்கே மலையில் தோல் எப்படி இருந்தது என்றால், ஏறும்போது பிரமாதம், காலையில் ஐஸாக இறுகிய பனியில் மட்டும் கொஞ்சம் வழுக்கியது. கரடுமுரடான ஐஸ் முடியைத் தேய்க்கவும் செய்கிறது, என்னுடையதில் இடது பட்டையின் நடுவில் இப்போதே கொஞ்சம் மெலிந்திருக்கிறது. மாற்றக்கூடிய பட்டை உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்கவில்லை, அதிர்ஷ்டத்துக்கு என்னுடையதும் மாற்றக்கூடியது.

யாருக்கு நல்லது? வளர்ந்த பிறகு பழகுகிறவர்களுக்கு, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, வாரத்தில் ஒருநாள், இரண்டுநாள் போகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரேனாவிலிருந்து லில்லெஹாமருக்கு முதுகில் 3.5 கிலோ பையோடு 54 கிலோமீட்டர் ஓடுகிற பிர்கெபெய்னர் போட்டிக்கு ஆசைப்படுகிறவர்கள் வேறு யாரிடமாவது கேளுங்கள், என் விமர்சனம் உங்களுக்கு உதவாது. வாங்குவதென்றால் ஏப்ரலில் வாங்குங்கள், பனி போகப்போக விலையும் போகும். கடதாசியை மறக்கவேண்டாம்.

5க்கு 4 தருகிறேன். அந்த ஒன்று பூச்சிய டிகிரிக்காக. அப்படியான நாட்களுக்கென்று இந்த வருசம் பழஞ்சாமான் சந்தையில் 250 குரோனருக்கு ஒரு பழைய மெழுகு ஸ்கீயும் வாங்கி வைத்திருக்கிறேன், எடையைச் சொல்லிக் கடதாசி வைத்துப் பார்த்துத்தான். போன ஞாயிறு உடுப்புத் தோய்க்கும் அறையில் அதை வைத்துக்கொண்டு நின்றபோது பெரியவர் வந்தார். வெப்பமானியைப் பார்த்தாயா என்றார். பார்த்தேன், பூச்சியம் என்றேன். ஒரு டப்பாவைத் திறந்து மணந்து பார்த்து மூடினார், இன்னொன்றைத் திறந்தார். 40 நிமிசம் நின்றோம். காட்டுக்குப் போகவில்லை, நேரம் போய்விட்டது.

சப்பாத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது ஒரு பெரிய கதை, இடது சுண்டுவிரல் இன்னும் சரியாகவில்லை.